பூட்டிய குளிர்சாதனப் பெட்டி
ஆஸ்திரேலிய தேசத்தில் மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்புக்கென்று 2018-இல் வந்த விதிகளைப் புரட்டியபோது, தனியறையில் அடைத்தல், மருந்தால் மந்தப்படுத்துதல், பட்டைகளால் கட்டுதல், கையால் அமுக்கிப் பிடித்தல் ஆகிய நிர்ப்பந்தங்களோடு, ஒருவர் தம் சூழலில் சுயேச்சையாகப் புழங்குவதைத் தடுப்பதும் ஐந்தாவதாகச் சேர்க்கப்பட்டிருப்பதையும், குளிர்சாதனப் பெட்டியைப் பூட்டி வைப்பதுகூட அதில் அடங்கும் என்பதையும் கண்டு சற்றே யோசனையில் ஆழ்ந்தேன். பூட்டியவர் துஷ்டர் அல்லர், நல்லெண்ணம் மிகுந்த பணியாளராகவே இருக்கலாம்; ஆயினும் பசித்த வேளையில் தன் வீட்டுப் பாலை எடுத்துக் குடிக்க ஒரு மனிதன் பிறர் அனுமதியை யாசிக்க நேர்ந்தால், அவன் போடும் கூச்சலை வியாதியென்று கொள்வதா, விண்ணப்பமென்று கொள்வதா? அக்கூச்சல் எதைக் கேட்கிறதென்று முதலில் விசாரித்து, அதையே கேட்க வேறு வழியைக் கற்பித்து, சூழலைத் திருத்தி, பூட்டைப் படிப்படியாக விலக்க வேண்டும் என்பதே அவ்விதிகளின் தாத்பரியம். பிராடர்-வில்லி என்னும் பிறவிக் கோளாறு உடையவர்களுக்குப் பசி அடங்குவதே இல்லை, திறந்த பெட்டி அவர்கள் பிராணனுக்கே அபாயமாகலாம் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அங்கும் பூட்டின் காரணத்தை அவருக்கான நடத்தை ஆதரவுத் திட்டத்தில் எழுதி, மாதந்தோறும் இவ்விதிகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு அறிவித்து, 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் திட்டத்தை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். இத்தனை காகித வேலையா என்று பணியாளர்கள் சலித்துக்கொள்வது இயற்கை. இருந்தாலும், சாவியை இடுப்பில் செருகியிருப்பவரே காரணம் எழுதும் சிரமத்தையும் சுமக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.