வாகனமும் நாமும்: நட்டை இறுக்கவும் ஓர் அளவுண்டு



குளிர்காலம் நெருங்குகிறது. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கோடைகால ரயர்கள் விறைத்துப் பிடிமானத்தை இழந்துவிடும் என்பதால், பனிக்கால ரயர்களைப் பூட்டும் வேலை எல்லோருக்கும் வந்துவிடும். கியூபெக் மாகாணத்தில் இது 2008 முதல் சட்டம். ஒன்ராறியோவில் சட்டமில்லை. ஆனால் பனிக்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. இன்னும் அந்தக் கழிவைக் கேட்காதவர்கள் உடனே காப்புறுதி முகவரைக் கேளுங்கள்.

ரயர்களைத் தனி ரிம்களில் பூட்டி வைத்திருப்பவர்கள் சில்லு மாற்றும் வேலையைத் தாங்களே செய்யலாம். நாமும் இந்த நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் அப்படித்தான் செய்தோம். காரோடு வந்த சாவியால் கைப்பலத்துக்கு இறுக்கிவிட்டு, காரியம் முடிந்தது என்று இருந்தோம். இரண்டாம் நாள் இரவு வேலை முடிந்து 401 நெடுஞ்சாலையில் வரும்போது முன்பக்கத்தில் 'டக் டக்' என்ற சத்தம் கேட்டது. ஸ்ரியறிங் நடுங்கியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், ஐந்து நட்டுகளில் மூன்றை விரலாலேயே திருப்பக்கூடியதாக இருந்தது. இன்னும் சில மைல் ஓடியிருந்தால் இந்தப் பத்தியை எழுத நாம் இருந்திருப்போமோ தெரியாது.

அந்தப் பயத்தில் அடுத்த முறை சாவியின் மேல் ஏறி நின்று இறுக்கினோம். வசந்த காலத்தில் கழற்றப் போனபோது போல்ற் ஒன்று முறிந்து கையோடு வந்தது. அதுவும் பிழைதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓர் அடி நீளச் சாவியின் நுனியில் ஏறி நின்றால் ஏறத்தாழ 154 அடி-இறாத்தல் முறுக்குவிசை கிடைக்கும். சிறிய கார் ஒன்றுக்குத் தேவையானதோ கிட்டத்தட்ட அதில் பாதிதான். மிதமிஞ்சி இறுக்கினால் போல்ற் நீண்டு பலமிழக்கும், பிரேக் தட்டும் கோணலாகலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நட்டுக்கும் பொருந்தும்.

1990களின் நடுப்பகுதியில் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் பார ஊர்திகளின் சில்லுகள் கழன்று பறந்து ஏனைய வாகனங்களில் வந்தவர்களின் உயிரைக் குடித்தன. அதன் பின்னர், 1997இல், வர்த்தக வாகனமொன்றின் சில்லு கழன்றால் 2,000 முதல் 50,000 டொலர் வரை தண்டம் என்று சட்டம் வந்தது. 'நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்' என்ற சாட்டு அதில் எடுபடாது. எமது சிறிய கார்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் ஆபத்து ஒன்றுதான்.

இதற்கு மருந்து ரோர்க் ரென்ச் எனப்படும் முறுக்குவிசைச் சாவி. தராசில் நிறுப்பதுபோல இறுக்கத்தை அளந்து இறுக்கும் கருவி இது.

எதை வாங்குவது?

மூன்று வகை உண்டு. முள் அளவைக் காட்டும் பழைய வகை மலிவானது, பழுதாவது குறைவு. ஆனால் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பற்றரியில் இயங்கும் இலக்க வகை விலை கூடியது. வீட்டுப் பாவனைக்குப் பொருத்தமானது 'கிளிக்' வகை. பிடியைத் திருகி அளவை வைத்து இறுக்கினால், அந்த அளவு வந்ததும் உள்ளே உள்ள சுருள்வில் விட்டுக்கொடுத்து 'கிளிக்' என்று சத்தம் தரும்.

அரை அங்குலத் தலையுள்ளதாக, 150 அடி-இறாத்தல் வரை அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இவ்வகைச் சாவிகள் தம் உச்ச அளவின் ஐந்திலொரு பங்குக்குக் கீழே சரியாக அளப்பதில்லை. ஆகவே ஒரே சாவியால் சின்னத் திருகாணி முதல் சில்லு வரை எல்லாம் செய்யலாம் என்று எண்ணவேண்டாம். பெட்டியில் பிழை வீதம் 4 சதவீதத்துக்கு மேற்படாது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் மலிவு விற்பனை அடிக்கடி வரும், பொறுத்திருந்து வாங்கலாம். நட்டுக்கு அளவான சொக்கற்றும் வேண்டும். ஹொண்டா கார்கள் பலவற்றுக்கு 19 மில்லிமீற்றர், ரொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 21 மில்லிமீற்றர்.

எவ்வளவு இறுக்குவது?

காரோடு வந்த கையேட்டில் இருக்கும். ஹொண்டா சிவிக் கார்களுக்குப் பொதுவாக 80 அடி-இறாத்தல், ரொயோட்டா கொரோலாவுக்கு 76. உங்கள் காரின் கையேட்டைப் பார்க்காமல் அயலவர் சொன்ன எண்ணை வைக்கவேண்டாம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. சாவியில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும்: அடி-இறாத்தல் ஒன்று, நியூட்டன் மீற்றர் மற்றது. 80 அடி-இறாத்தல் என்பது 108 நியூட்டன் மீற்றர். மாறி நியூட்டன் மீற்றர் கோட்டில் 80 வைத்தால் நட்டு 59 அடி-இறாத்தலுக்குத்தான் இறுகும். 'கிளிக்' சத்தமும் கேட்கும், சில்லும் கழலும்!

பூட்டும் முறை

1. காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போடுங்கள். ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே உடம்பை நுழைக்க வேண்டாம்.

2. பழைய நட்டுகளைச் சாதாரண சாவியால் கழற்றுங்கள். ரோர்க் ரென்ச்சால் ஒருபோதும் கழற்றக்கூடாது.

3. சில்லு பொருந்தும் இடத்தில் உள்ள கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குங்கள். கறளின் மேல் பூட்டிய சில்லு, கறள் உதிர்ந்ததும் தளரும்.

4. நட்டுகளைக் கையால் முதலில் திருகுங்கள். புரிகளுக்கு எண்ணெய் பூசவேண்டாம். கையேட்டு அளவு உலர்ந்த புரிகளுக்கானது. எண்ணெய் பூசினால் அதே அளவில் மிதமிஞ்சி இறுகிவிடும்.

5. ரயர் நிலத்தைத் தொடும்வரை ஜக்கை இறக்கி, முதலில் பாதி அளவுக்கும் பின் முழு அளவுக்கும் இறுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து நட்டாகப் போகாமல், நட்சத்திரம் கீறுவதுபோல எதிரெதிராகப் போகவேண்டும். மெதுவாக இழுங்கள். ஒரு 'கிளிக்' போதும்.

6. 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின், சில்லு ஆறியிருக்கும்போது மீண்டும் சரிபாருங்கள். பலர் மறக்கும் படி இதுதான். நாமும் அன்று மறந்தோம். கராஜில் பூட்டினாலும் இதைச் செய்யத் தவறாதீர்கள்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் பிடியைத் திருகி ஆகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். உயர்ந்த அளவில் விட்டால் சுருள்வில் சோர்ந்துவிடும். துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்து வீட்டுக்குள்ளே வையுங்கள், காரின் பின்பெட்டியில் போடவேண்டாம். பிடியில் குழாய் மாட்டி நீட்டவோ, சுத்தியலாகப் பாவிக்கவோ கூடாது.

5,000 தடவைக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை அளவைச் சரிபார்க்க வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. வீட்டில் நான்கு சில்லு, இருபது நட்டு, ஆண்டுக்கு இருமுறை, மறுபார்வையோடு 80 'கிளிக்'தான். ஆகவே தேய்மானத்தைவிட, கைதவறி விழுவதே இதற்குப் பெரிய எதிரி. விழுந்த சாவியைச் சரிபார்க்காமல் நம்பவேண்டாம்.

ஒரே கட்டிடத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். ஆனால் இரவல் வாங்கியவர் கீழே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்தக் காரில் போவது பிள்ளைகளும்தான்.

அடுத்த இதழில் பற்றரியைக் குளிரில் காப்பது பற்றிப் பார்ப்போம்.