ஊருக்குள் ஊர் இல்லாமல் வளரும் பிள்ளைகள்

சென்னையிலோ கோவையிலோ இருக்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவருக்கு பெர்லினில் வேலை கிடைக்கிறது. விசா கைக்கு வருவதற்கு முன்பே அங்குள்ள தமிழர்களைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்: "அங்க அமெரிக்கன் சிலபஸ் ஸ்கூல் எது நல்லா இருக்கும்?" பதிலும் தயாராக இருக்கிறது. "கவர்மென்ட் ஸ்கூல்ல மட்டும் போட்டுடாதீங்க. எல்லாமே ஜெர்மன்ல நடக்கும், புள்ள தடுமாறிடும். செலவானாலும் அமெரிக்கன் ஸ்கூல்தான் சேஃப். நாளைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த சர்டிபிகேட் செல்லும்."

சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கேயே தங்கப்போகும் குடும்பத்துக்கு இந்த அறிவுரை பொருந்தாது. சேமிப்பைக் கரைப்பதோடு அது நிற்பதில்லை. பிள்ளை வளரும் ஊரையே அந்தப் பிள்ளைக்கு அந்நியமாக்கிவிடுகிறது.

ஐரோப்பாவில் அமெரிக்கப் பள்ளிகள் எதற்காக வந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியில் நிலைகொண்ட படையினரின் பிள்ளைகளுக்காக 1946-இல் அமெரிக்க ராணுவம் பள்ளிகளைத் திறந்தது. பாரிஸ் அமெரிக்கப் பள்ளியும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. லண்டனில் 1951, வியன்னாவில் 1959. அன்று அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ராணுவத்தினர், தூதரக அதிகாரிகள், பெரிய நிறுவனங்களின் மேலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகள். அப்பாவுக்கு இரண்டு மூன்று ஆண்டுப் பணி, பிறகு ஒஹையோவுக்கோ டெக்சாஸுக்கோ திரும்பிவிடுவார்கள். அங்கே விட்ட பாடத்தை இங்கே தொடர்ந்து, இங்கே விட்டதை மீண்டும் அங்கே போய்த் தொடர வேண்டும். அந்தத் தேவைக்கு அந்தப் பள்ளிகள் சரியான விடை. கட்டணத்தையும் பெரும்பாலும் வேலைக்கு அனுப்பியவர்களே கட்டினார்கள்.

நம் பொறியாளரின் நிலைமை வேறு. அவர் வருவது ப்ளூ கார்டில், அதாவது திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதியில். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலையை எட்டினால் 21 மாதங்களில், தொடக்க நிலை மட்டும் தெரிந்தால் 27 மாதங்களில், அவர் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2024-இல் மாறிய சட்டப்படி ஐந்து ஆண்டுகளில் குடியுரிமையும் கேட்கலாம். இந்த வழியில் வருபவர்களில் பலர் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய வேலை ஒப்பந்தமும் உள்ளூர் ஒப்பந்தம்தான். பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் தருவது அரிது. தனியார் சர்வதேசப் பள்ளிகள் பலவற்றில் மேல்வகுப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 யூரோவைத் தாண்டுகிறது. ப்ளூ கார்டுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமோ 2025-இல் 48,300 யூரோ, அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முன்பு. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று போட்டுப் பாருங்கள். திரும்பிப் போகிறவர்களுக்காகத் தைத்த சட்டையை, தங்கப்போகிறவர்கள் கடன்பட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

"எங்கே போனாலும் செல்லும்" என்ற வாதத்துக்கு வருவோம். நம்மூர் சிபிஎஸ்இ போல அமெரிக்கப் பாடத்திட்டமும் ஒரே வாரியம் நடத்தும் ஒரே திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் தேசியப் பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் நாடு முழுவதற்குமான பொதுத்தேர்வும் இல்லை. 'ஹைஸ்கூல் டிப்ளமா' என்பது அந்தந்தப் பள்ளி தரும் சான்றிதழ். அதனால்தான் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அதை மட்டும் வைத்துக்கொண்டு இடம் தருவதில்லை. குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். அதற்கு மேல் எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்களோ கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏபி தேர்வுகளோ வேண்டும். குறைந்தால், பல்கலைக்கழகத்துக்கு முன் 'ஸ்டூடியன்கொல்லெக்' என்ற ஓராண்டுத் தயாரிப்புப் படிப்பு.

ஜெர்மன் பள்ளியின் இறுதித் தேர்வான 'அபிட்டூர்' ஜெர்மனியின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் நேரடியான தகுதி. பிரிட்டனும் அமெரிக்காவும் அதை மதிக்கின்றன. இன்னொரு செய்தி: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் அரையாண்டுப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்குகிறது. அபிட்டூர் முடித்த வெளிநாட்டுப் பிள்ளைக்கு, கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டாகவே இருந்தாலும், அந்தக் கட்டணம் இல்லை. ஆக, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் கதவையே எளிதில் திறக்காத சாவியைத்தான் "எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும்" என்று இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறோம்.

அடுத்தது மொழி. பிள்ளை தடுமாறும் என்பது உண்மை. முதல் சில மாதங்கள் வகுப்பில் வாய் திறக்காது, வீட்டுக்கு வந்து அழும். பார்க்கும் பெற்றோருக்கு நெஞ்சு கனக்கும். அந்த வலியைச் சின்னதாக்கிச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அது கடந்துபோகிற வலி. இருமொழிக் கல்வியை ஆராய்ந்த கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸின் முடிவு கல்வித்துறையில் பரவலாக அறியப்பட்டது: புதிய மொழியில் சரளமாகப் பேச ஓரிரு ஆண்டுகள் போதும்; பாடங்களைச் சக மாணவர்களுக்கு இணையாகப் படிக்கும் அளவுக்கு அது கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அப்படியானால் தொடங்க வேண்டிய வயது ஐந்தா, பதினைந்தா? பெர்லினில் மழலையர் காப்பகமான 'கிட்டா'வுக்கு 2018 முதல் பெற்றோர் கட்டணமே இல்லை. ஜெர்மன் தெரியாமல் வரும் பெரிய பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளிலேயே வரவேற்பு வகுப்புகள் உண்டு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளையைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்துக்குள் வைத்திருந்தால் தடுமாற்றம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் வேலைப் பயிற்சிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும்போது, உதவிக்கு வகுப்பாசிரியர் இல்லாத இடத்தில், அது மொத்தமாக வந்து சேரும்.

அதுவரை அந்தப் பிள்ளை எப்படி வாழ்கிறது? காலையில் பேருந்தில் ஏறி நகரத்தின் மறுகோடிக்குப் போகிறது. கூடப் படிப்பவர்கள் நாலா திசையிலிருந்தும் வருகிறவர்கள். உயிர்த்தோழனின் அப்பாவுக்கு அடுத்த கோடையில் சிங்கப்பூருக்கு மாற்றல் வந்துவிடும். சாயங்காலம் தெருவில் பந்தாடும் பிள்ளைகளின் பேச்சு பாதிதான் புரியும். எதிர்வீட்டுப் பாட்டிக்கு வணக்கம் சொல்வதோடு சரி. அது பிறந்ததே அந்த ஊராக இருக்கலாம். இருந்தும் வந்துபோகும் விருந்தாளியாகவே அங்கே வளர்கிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் நம் கண்முன்னே, நம் மொழி பேசுகிறவர்களிடமே இருக்கிறது. 1980களில் போரிலிருந்து தப்பி, கிழக்கு பெர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் வந்த ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். அமெரிக்கப் பள்ளியா, வேறு பள்ளியா என்று யோசிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிக்கொண்டே பிள்ளைகளைப் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வார இறுதியில் தாங்களே தமிழ்ப் பள்ளிகளை நடத்தித் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் இன்று மருத்துவர்கள் இருக்கிறார்கள், பொறியாளர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனும் தமிழும் அவர்கள் நாவில் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யவில்லை. தாய்மொழியில் வேரூன்றிய பிள்ளை இரண்டாம் மொழியையும் நன்றாகப் பற்றிக்கொள்கிறது என்று கம்மின்ஸ் எழுதியதை அவர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

நம் பயத்தின் வேர் ஜெர்மனியில் இல்லை, தமிழ்நாட்டில் இருக்கிறது. 'கவர்மென்ட் ஸ்கூல்' என்றால் வேறு வழியற்றவர்கள் போகும் இடம், கட்டணம் ஏற ஏறப் படிப்பின் தரமும் ஏறும் என்ற எண்ணத்தோடுதான் மெட்ரிகுலேஷனுக்கும், பிறகு சிபிஎஸ்இக்கும், பிறகு 'இன்டர்நேஷனல்' பள்ளிக்கும் ஓடினோம். அந்த எண்ணத்தைப் பெட்டியில் வைத்து பெர்லினுக்கும் கொண்டுபோகிறோம். ஜெர்மனியில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் படிப்பது அரசுப் பள்ளியில். பேராசிரியர் வீட்டுப் பிள்ளையும் பேருந்து ஓட்டுநர் வீட்டுப் பிள்ளையும் தொடக்கப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காரும் நாட்டில், நாம் மட்டும் தனி வாசல் தேடுகிறோம்.

நியாயமான அச்சம் ஒன்று உண்டு. பல மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள். மொழி கைவராத பிள்ளை கீழ்நிலைப் பள்ளிக்குத் தள்ளப்படலாம். இந்த ஏற்பாட்டை ஜெர்மானியர்களே நெடுங்காலமாக விமர்சிக்கிறார்கள். ஆனால் பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டுகள். 2010-க்குப் பிறகு அங்கே மேல்நிலையில் இரண்டே வகைதான்: 12 ஆண்டில் அபிட்டூர் தரும் கிம்னாசியம், 13 ஆண்டில் அதே அபிட்டூருக்கு வழிவிடும் ஒருங்கிணைந்த பள்ளி. ஓராண்டு கூடுதலாகப் படிப்பதால் எந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் பாழாகாது. அமெரிக்க டிப்ளமாவும் வேண்டும் என்பவர்களுக்கு 1960-இல் தொடங்கிய ஜான் எஃப். கென்னடி பள்ளி இருக்கிறது. ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்த, கல்விக் கட்டணம் இல்லாத அரசுப் பள்ளி அது. அபிட்டூருக்கும் டிப்ளமாவுக்கும் அங்கே வழியுண்டு. இடம் கிடைப்பது கடினம்தான். ஆனாலும் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது அங்கேதான்.

அமெரிக்கப் பாடத்திட்டம் யாருக்குமே வேண்டாம் என்பது என் வாதமல்ல. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்து திரும்புகிறவர்கள், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையோடு வருகிறவர்கள், அமெரிக்காவிலிருந்தே மாற்றலாகி வந்து அங்கேயே திரும்பப்போகிறவர்கள் தாராளமாக அதைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுக்காகத்தான் அந்தப் பள்ளிகள் இருக்கின்றன. தங்கப்போகும் குடும்பங்களிடம்தான் நான் மன்றாடிக் கேட்கிறேன்.

பெர்லினில் வீட்டு முகவரியைப் பதிவு செய்த கையோடு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் தெருவுக்கான தொடக்கப்பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். கட்டணமாகப் போயிருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து நீங்களும் ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். முதல் ஆறு மாதம் பிள்ளை அழும்போது பக்கத்தில் இருங்கள். ஒரு நாள் அது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஜெர்மனில் சண்டை போட்டுவிட்டு வந்து, உங்களிடம் தமிழில் முறையிடும். அன்று முதல் அந்த ஊர் அதற்குச் சொந்த ஊர்.