விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு நாம் செய்ய வேண்டியது

2022-ஆம் ஆண்டுக்கான பத்ம விருதுப் பட்டியலில் நம் மாவட்டத்துப் பெயர் ஒன்று இருந்தது. விராலிமலை ஆர். முத்துக்கண்ணம்மாள். சதிர் ஆட்டக் கலைஞர். எண்பது வயதைத் தாண்டியவர். பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். அதே பட்டியலில் சௌகார் ஜானகியும் திருச்சி கிளாரிநெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனும் இருந்ததால் நம் வயதுக்காரர்கள் அவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அதில் தவறில்லை. ஆனால் முத்துக்கண்ணம்மாளைப் பற்றிப் புதுக்கோட்டையிலேயே இரண்டு விதமான பேச்சைக் கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சாரார், "கடைசி தேவதாசிக்கு விருது" என்று பத்திரிகையில் வந்த தலைப்பைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்கள். ஒழிந்துபோன வழக்கத்துக்கு இப்போது எதற்கு விருது என்பது அவர்கள் கேள்வி. இன்னொரு சாரார், "அந்தக் காலம் பொற்காலம், சட்டம் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்று பெருமூச்சு விட்டார்கள். இரண்டு பேச்சும் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் அந்த அம்மாளின் கதை. புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில், ஏழு வயதில் விராலிமலை முருகன் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர். தகப்பனார் ராமச்சந்திர நட்டுவனார்தான் குரு. பரம்பரை பரம்பரையாகக் கோயிலில் ஆடிய குடும்பம். முப்பத்திரண்டு பெண்கள் அந்தக் கோயிலில் சேவை செய்தார்கள் என்றும், அவர்களில் தாம்தான் மிச்சம் என்றும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விராலிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். அந்தப் படிகளைக் காலையிலும் மாலையிலும் ஏறி, சுவாமிக்கு முன்னால் பாடி ஆடிவிட்டு இறங்க வேண்டும். நாம் மயிலைப் பார்க்கவும், சுருட்டு நைவேத்தியம் செய்யும் அதிசயத்தைப் பார்க்கவும் போன மலை, ஒரு சிறுமிக்குப் பள்ளிக்கூடமாகவும் வேலை செய்யும் இடமாகவும் இருந்திருக்கிறது.

சதிர் என்பது இன்றைய பரதநாட்டியத்துக்கு முந்தைய பெயர் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. அலாரிப்பு, ஜதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று கச்சேரிக்கு ஒரு வரிசை வந்தது தஞ்சை நால்வர் காலத்தில். அது இன்றைக்கும் மேடையில் இருக்கிறது. ஆனால் முத்துக்கண்ணம்மாள் ஆடும்போது கவனித்தால் வித்தியாசம் தெரியும். அவரே பாடுகிறார், அவரே ஆடுகிறார். இன்றைய நாட்டியத்தில் பாடுகிறவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆடுகிறவர் உதட்டை மட்டும் அசைக்கிறார். பழைய சதிரில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுகிறவருக்குப் பின்னால் நின்றபடி, அவர் முன்னே வந்தால் முன்னே வந்து, பின்னே போனால் பின்னே போய் வாசிப்பார்கள். இந்தக் கோஷ்டிக்குத்தான் சின்ன மேளம் என்று பெயர். நாதசுரமும் தவிலும் பெரிய மேளம்.

ஒரு சுவையான செய்தி. கிளாரிநெட் நம் சங்கீதத்துக்குள் நுழைந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சின்ன மேளம் வழியாகத்தான். ஆக ஒரே பட்டியலில் கிளாரிநெட்டுக்கும் சதிருக்கும் விருது கிடைத்தது, நெடுநாள் பிரிந்திருந்த இரண்டு உறவுக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

இவர்களுடைய பழமையைச் சொல்ல வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு போதும். ராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அங்கே குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததாக, பெயர், ஊர், வீட்டு வரிசை உட்பட வெட்டி வைத்திருக்கிறான். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டால், சித்தன்னவாசல் தூண்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். குடுமியான்மலையில் சங்கீதத்தையே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் இந்த மண்ணுக்குப் புதியதல்ல.

ஆனால் கல்வெட்டுக் காலத்து மரியாதை கடைசி வரை நிலைத்திருந்தது என்று சொன்னால் பொய். தேவரடியாரை நித்திய சுமங்கலி என்றார்கள். கல்யாண வீட்டில் தாலிச்சரட்டில் மணி கோர்த்துக் கொடுக்க அவர்களைத் தேடிப் போனார்கள். ஆனால் அந்த வீட்டுப் பெண்ணை மருமகளாகக் கொண்டுவர யாரும் சம்மதிக்கவில்லை. பெயருக்குக் கோயில், நிஜத்தில் ஜமீன்தார்களும் மிராசுதார்களும் என்று ஆகிப்போனது. ஏழு வயதுக் குழந்தைக்கு எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியுமா? யாரும் கேட்கவும் இல்லை.

அதைக் கேட்டவர் புதுக்கோட்டைக்காரர். 1886-இல் இங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். பெண்பிள்ளை காலேஜில் படிப்பதா என்று ஊரே எதிர்த்தபோது, மகாராஜாவின் அனுமதியோடு அதே கல்லூரியில் சேர்ந்து படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி, 1927-இல் சட்டமன்ற உறுப்பினர், துணைத் தலைவர். கோயில் மானிய நிலத்துக்கும் பொட்டுக்கட்டுக்கும் இருந்த முடிச்சை அவிழ்க்க 1929-இல் சட்டத் திருத்தம் வந்தது அவரால். நிலத்தை அனுபவிக்க இனி கோயில் சேவை செய்ய வேண்டியதில்லை என்று ஆனது.

அவருக்கு எதிராகக் கடுமையாக வாதாடியவர்களில் முக்கியமானவர் தீரர் சத்தியமூர்த்தி. அவரும் நம் திருமயத்துக்காரர், அதே மகாராஜா கல்லூரி மாணவர்! தாசிகள் இல்லாவிட்டால் கலை அழிந்துவிடும் என்பது அவர் கட்சி. யோசித்துப் பாருங்கள். ஒழிக்க வேண்டும் என்று எழுந்தவர் புதுக்கோட்டை. கூடாது என்று எழுந்தவர் திருமயம். இந்த விவாதத்தின் முடிவு யார் தலையில் இறங்கியதோ அந்தக் குழந்தை விராலிமலை. மூன்றும் ஒரே சமஸ்தானம். ஆனால் அந்த மூன்றாவது ஆளை யாரும் கேட்கவில்லை.

1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1948 மார்ச்சில் நம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. முத்துக்கண்ணம்மாள் சிறுமியாக இருக்கும்போதே அவர் எதற்காக வளர்க்கப்பட்டாரோ அந்த வாழ்க்கை சட்டப்படி முடிந்துபோனது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். பொட்டுக்கட்டை ஒழித்தது நூற்றுக்கு நூறு சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முத்துலட்சுமி அம்மையார் செய்தது பெரிய காரியம். ஆனால் அந்தச் சட்டம் பொட்டுக்கட்டைத் தடுத்ததோடு நிற்கவில்லை. கோயிலுக்குள் பெண்கள் ஆடுவதையும், கும்ப ஆரத்தி எடுப்பதையும், ஊர்வலத்தில் ஆடுவதையும் சேர்த்தே தடை செய்தது. நோயோடு சேர்த்து நோயாளியின் தொழிலையும் பிடுங்கிவிட்டார்கள். படித்தது ஆட்டம், தெரிந்தது ஆட்டம். அதை ஆடாதே என்று சொன்ன பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்குப் போதுமான ஏற்பாடு எதுவும் இல்லை.

இதே காலத்தில் சென்னையில் நடந்தது வேறு. 1930-களின் தொடக்கத்தில் மியூசிக் அகாடமி மேடையில் சதிர் ஏறியது. வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் போன்றவர்கள் அதற்காகப் போராடினார்கள். பெயர் பரதநாட்டியம் என்று மாறியது. 1935-இல் ருக்மிணி தேவி ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா பிறந்தது. நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்றுக்கொள்ளலாம் என்று ஆனது. பரம்பரைக் குடும்பத்திலிருந்து வந்து உலகப் புகழ் பெற்றவர் என்று பாலசரஸ்வதியைச் சொல்லலாம். ஆனால் ஒரு பாலா வெளியே தெரிந்தார் என்றால், எத்தனையோ பேர் ஊர்ப்புறங்களில் சலங்கையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

நான் பார்த்திருக்கிறேன். என் சிறு வயதில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பாட்டி இருந்தார். பூக்கட்டி விற்பார். கட்டும்போது தன்னையறியாமல் விரல் தாளம் போடும். ஒருநாள், "பாட்டி, உங்களுக்குப் பாட்டுத் தெரியுமாமே?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, பூ வாங்க வந்தியா, வாங்கிட்டுப் போ" என்றார். வீட்டில் அதைச் சொன்னபோது, இனி அங்கே போய்ப் பேச்சுக் கொடுக்காதே என்று அதட்டினார்கள். அந்த வீட்டில் பேத்திகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பாட்டி ஓர் அடவுகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் தொழில் பேத்திகளின் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று பயந்திருப்பார். கலை அப்படித்தான் அழிந்தது. சட்டம் பாதி, நம்முடைய பார்வை பாதி.

இன்றைய நிலையைப் பாருங்கள். சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி நடக்கிறது. 2010-இல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவில், பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் பேர் கோயிலில் ஆடினார்கள். நானும் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தவன்தான். கோயிலில் பெண்கள் ஆடுவது இன்று பெருமை. அதே வேலையைப் பரம்பரையாகச் செய்தவர்களுக்கு மட்டும் அது அவமானம். இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

"சதிரை மீட்டால் தாசி முறையையும் மீட்டதாகாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது. நாதசுரம் வாசிக்க ஒருவர் கோயிலுக்கு அடிமையாக வேண்டியதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வாசிக்கிறார். ஆட்டமும் அப்படித்தான். விருப்பப்பட்ட பெண், படிப்போடு படிப்பாகக் கற்றுக்கொண்டு ஆடப்போகிறாள். பொட்டு எதற்கு?

"பரதநாட்டியம் எங்கும் சொல்லித்தருகிறார்களே, அது போதாதா?" என்பது இன்னொரு கேள்வி. போதாது. ஒரே அரிசிதான் என்றாலும் ஒவ்வொரு வீட்டுச் சாம்பாரும் ஒரே ருசியா? விராலிமலைக்கென்று ஒரு குறவஞ்சி இருக்கிறது. அந்த மலையில் அதற்கென்று அபிநயம் இருந்திருக்கிறது, பாடுகிற மெட்டு இருந்திருக்கிறது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. இருப்பது ஒருவர் தொண்டையிலும் கையிலும் மட்டும்.

ஆகவே, விருதைக் கொடுத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நம் ஊரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே பாடம். அந்தப் பரதநாட்டியப் பிள்ளைகளை மாதம் இரண்டு முறை விராலிமலைக்கு அழைத்துப் போனால் என்ன? நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிறது. அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே பாடி அபிநயம் காட்டட்டும். பிள்ளைகள் பார்த்து ஆடட்டும். அவருக்கு "வருகைதரு ஆசிரியர்" என்று ஒரு பதவியும், அதற்குரிய சம்பளமும் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், உதவித்தொகை அல்ல, சம்பளம். உதவித்தொகை வாங்குகிறவர் கை தாழ்ந்திருக்கும். சம்பளம் வாங்குகிற ஆசிரியர் கை உயர்ந்திருக்கும். வாழ்நாள் முழுக்க சம்பளம் வாங்கி, இப்போது ஓய்வூதியம் வாங்குகிற நமக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, அவர் பாடும் பாட்டு முழுவதையும், ஒவ்வொன்றுக்கும் உரிய அபிநயத்தோடு, நிதானமாக வீடியோவில் பதிய வேண்டும். விழா மேடையில் ஐந்து நிமிடம் ஆடச் சொல்லிப் பதிவதில் பயனில்லை. ஒரு பாட்டை மூன்று முறை, வரி வரியாக, அர்த்தம் சொல்லி. கல்லூரிகளில் தமிழ்த்துறை இருக்கிறது, பிள்ளைகள் கையில் நல்ல கேமரா உள்ள போன் இருக்கிறது. மனசு ஒன்றுதான் வேண்டும்.

மூன்றாவது வேலை நம்மைப் போன்ற கிழவர்களுக்கு. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், சமஸ்தான காலத்துக் கல்யாணப் பத்திரிகை, கச்சேரி நோட்டீஸ், பழைய குறவஞ்சிப் புத்தகம், போட்டோ ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சின்ன மேளம் பார்த்த ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள். தெருப் பெயர், கோயில் பெயர், திருவிழா, என்ன பாடினார்கள் என்பது போதும். யார் வீட்டுப் பெண் என்ற வம்பு வேண்டாம். அதைப் பேசிப் பேசித்தான் அவர்களை வாய் மூட வைத்தோம்.

முத்துலட்சுமி ரெட்டி ஊருக்குப் பெருமை, முத்துக்கண்ணம்மாளும் ஊருக்குப் பெருமை. ஒருவரைப் போற்ற இன்னொருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஏழு வயதுப் பெண்ணுக்கு இனி யாரும் பொட்டுக் கட்டக் கூடாது என்று ஒருவர் முடித்து வைத்தார். அந்தப் பெண் கற்ற வித்தை வீணாகக் கூடாது என்பதை முடித்து வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. அது நம் மாவட்டத்தின் வேலை. அந்த அம்மாள் பாடும் நிலையில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும்.

இசைப்பள்ளியிலோ கலை பண்பாட்டுத் துறையிலோ தெரிந்தவர்கள் இருந்தால் இதை அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.