இன்னும் எவ்வளவு இறுக்குவதாம்?

பொருளாதாரத் தடையை இன்னும் இறுக்கினால் வட கொரியா அணு ஆயுதத்தைக் கைவிட்டுவிடும், காசில்லாமல் யாராலும் குண்டு செய்ய முடியாது என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

1. முதல் சோதனை 2006 அக்டோபர் 9. ஐந்தே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவை தடை விதித்தது. பிறகு 2009, 2013, 2016-இல் இரண்டு, 2017 என மேலும் ஐந்து சோதனைகள். கடைசியாக வெடித்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது.

2. காசில்லை, சரி. யாரிடம்? 2017-இல் நிலக்கரி, இரும்பு, கடலுணவு ஏற்றுமதிக்குத் தடை. சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்தான் என்று உச்சவரம்பு. நடந்தது என்ன? இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு, நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் குழாய் போட்டு எண்ணெய் மாற்றினார்கள். கப்பலின் பெயரை அழித்து வேறு பெயர் எழுதினார்கள். கிரிப்டோ நாணயம் திருடினார்கள். வயிறு காய்ந்தது சாதாரண மக்களுக்கு. இந்த மீறல்களைப் பதிவுசெய்துவந்த ஐ.நா. நிபுணர் குழுவையும் 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டு முடித்துவைத்தது. இனி இறுக்கப்போவது யார்?

3. ஈரான் வழிக்கு வந்ததே? வந்தது. 2015-இல் யுரேனியச் செறிவூட்டலை 3.67 சதவீதத்தோடு நிறுத்த ஒப்புக்கொண்டது, பதிலுக்குத் தடை நீங்கும் என்பதால். 2018-இல் டிரம்ப் விலகி, மறுபடி தடை போட்டார். 2021-இல் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டது. பலித்தது தடையா, தடையை விலக்கும் பேரமா?

4. லிபியா என்பீர்கள். 2003-இல் கடாபி அணு ஆயுதத் திட்டத்தையே ஒப்படைத்தார். 2011-இல் நேட்டோ விமானங்கள் வந்தன. அவர் கதியைப் பியாங்யாங் பார்க்கவில்லையா?