நந்தாவின் நோட்டுப் புத்தகம்

கான்வென்ட் என்றால் நம்மவர்களுக்குத் தனி மோகம். பீஸ் கட்டக் கடன் வாங்கும் குமாஸ்தாவும், "என் பெண் கான்வென்ட்டில் படிக்கிறாள்" என்று சொல்லும்போது சற்று நிமிர்ந்து உட்காருவார். அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் அத்தகைய பெற்றோர் படிக்க வேண்டிய ஆங்கில நாவல் ஒன்று உண்டு. அன்டோனியா ஒயிட் என்ற மாது எழுதி 1933-ல் வெளிவந்த "பிராஸ்ட் இன் மே". மே மாதம் இங்கிலாந்தில் பூக்கும் காலம். அப்போது உறைபனி விழுந்தால் பூ கருகிவிடும்.

கதாநாயகி நந்தாவுக்கு ஒன்பது வயது. நம் ஊர்ப் பெயர் என்று எண்ண வேண்டாம். பெர்னாண்டா என்பதன் சுருக்கம். புதிதாகக் கத்தோலிக்கரான தகப்பனார் அவளை லண்டனை அடுத்த ஒரு கன்னிமாடப் பள்ளியில் சேர்க்கிறார். உடன் படிப்போரில் பலர் ஐரோப்பியப் பிரபு வம்சத்துப் பெண்கள். அங்கே கடிதங்களைக் கன்னிகாஸ்திரீகள் படித்த பிறகே அனுப்பலாம். இரண்டு பெண்கள் தனியாகச் சேர்ந்து உலாவக் கூடாது. உறங்கும்போதுகூட மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியை இதையெல்லாம் கேலி செய்யவில்லை. பண்டிகைகளின் அழகு, தோழிகளின் பாசம், நந்தாவின் உண்மையான பக்தி எல்லாம் நூலில் இருக்கின்றன. அந்த இடத்தை அவள் நேசிக்கிறாள். அதனால்தான் முடிவு நம்மை உலுக்குகிறது.

அவள் ரகசியமாக ஒரு நாவல் எழுதுகிறாள். முதலில் பாத்திரங்களைப் பாவிகளாகக் காட்டி, இறுதியில் மனந்திருந்தச் செய்வது அவள் திட்டம். பாதி எழுதியதும் பிரதி கன்னிகாஸ்திரீகள் கையில் சிக்குகிறது. மீதிக் கதை அவள் மனத்தில்தானே இருக்கிறது! தகப்பனார் வரவழைக்கப்படுகிறார். அருவருப்போடு மகளைப் பார்க்கிறார். பள்ளி வாழ்வு அத்தோடு சரி.

இது ஏறக்குறைய ஆசிரியையின் சொந்தக் கதை. பள்ளி ஆசிரியரான அவருடைய தந்தை 1929-ல் காலமான பிறகே இந்த நாவலை அவரால் எழுதி முடிக்க முடிந்தது. 1978-ல் லண்டனின் விராகோ பதிப்பகம், பெண் எழுத்தாளர்களின் மறந்துபோன நூல்களை மீண்டும் வெளியிடத் தொடங்கியபோது முதல் நூலாக இதையே தேர்ந்தெடுத்தது. 1980-ல் அவர் மறைந்தார்.

பலர் இதைக் கன்னிமாடத்தின்மீது குற்றப்பத்திரிகையாகப் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனித சித்தத்தை முறித்துத் திருத்தி அமைப்பதே தங்கள் கடமை என்று அந்தக் கன்னிகாஸ்திரீகள் நம்பினார்கள், அதை மறைக்கவுமில்லை. கோபம் வருவது தகப்பனார்மீதுதான். பள்ளியின் மதிப்பும் தம் மதிப்பும் அவருக்குப் பெரிதாகப் போயின. பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, "மீதிக் கதை என்னம்மா?" என்று அவர் கேட்டிருக்கலாம்.