நாயின் சாவுக்கு அழலாமா?

சென்ற கிழமை எமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தினரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். இராப்போசன வேளை. பன்னிரண்டு வயதுச் சிறுமி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, முகத்தைத் தலையணையிற் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"பாடசாலை நூலகத்திலிருந்து ஒரு நாய்க்கதையைக் கொண்டுவந்தாள். கதையிலே நாய் செத்துப்போயிற்றாம். நேற்றிலிருந்து இதே கோலந்தான். இப்படியான புத்தகங்களைப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் தாயார்.

அன்று எம்மால் தக்க மறுமொழி கூற இயலவில்லை. ஆறுதலாகச் சிந்தித்ததை இன்று வாசகர் முன் வைக்கின்றோம்.

நாயின் அன்பைக் கண்டு உருகுவது புதிய பழக்கமன்று. தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமபுத்திரரின் வரலாற்றை எம் பாட்டிமார் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். மேனாட்டாரோ இப்பொருளை வைத்து எத்தனையோ நாவல்களை எழுதிக் குவித்துள்ளனர். அவற்றுள் வெறுங் கண்ணீருக்காக எழுதப்பட்டவையும் உண்டு. கண்ணீருக்குப் பின்னாலே ஓர் உண்மையை வைத்திருப்பவையும் உண்டு.

இரண்டாம் வகைக்கு ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் 'முமூ' தலைசிறந்த உதாரணம். நாவலென்று கூற முடியாத சிறிய நூல்; 1852இல் அவர் தடுப்புக் காவலில் இருந்தபோது எழுதியது; 1854இல் வெளிவந்தது. கெராசிம் என்பவன் செவிடும் ஊமையுமான பண்ணையடிமை. கிராமத்து வயலிலிருந்து பிடுங்கி, மொஸ்கோவிலுள்ள தன் வீட்டு முற்றத்தைக் காக்க வைக்கிறாள் எசமானி. அவன் விரும்பிய பெண்ணையும் ஒரு குடிகாரனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிடுகிறாள். அப்பெண் ஊரைவிட்டுப் போகும் நாளிலே, ஆற்றிற் தத்தளித்த ஒரு நாய்க்குட்டியை அவன் காப்பாற்றுகிறான். அவன் நாவினால் எழுப்பக்கூடிய ஒலியே அதன் பெயராகிறது: முமூ.

பின்னர் எசமானிக்கு அந்த நாயின் குரல் பிடிக்கவில்லை. அதை ஒழித்துவிடக் கட்டளை பிறக்கின்றது. கெராசிம் நல்லாடை உடுத்து, நாயைக் கடைக்கு அழைத்துச் சென்று, இறைச்சி சேர்ந்த சூப்பு வாங்கி, அதிற் பாணைப் பிய்த்துப் போட்டு உண்ணக் கொடுக்கிறான். பிறகு படகேறி, தன் கையாலேயே அதை ஆற்றில் அமிழ்த்திவிடுகிறான். அதன்பின் ஒரு கணமும் அவ்வீட்டிற் தங்காது, தன் கிராமத்தை நோக்கி நடக்கத் தொடங்குகிறான்.

இக்கதையில் நாம் அழுவது நாய்க்காக மாத்திரமா? தான் நேசித்த ஒரேயொரு சீவனைக்கூடத் தனதென்று சொல்ல உரிமையற்ற மனிதனுக்காகவும் அன்றோ அழுகின்றோம்! துர்கனேவின் சொந்தத் தாயே பண்ணையடிமைகளை ஆண்ட கடுமையான எசமானி என்பதும், அவ்வீட்டில் வாழ்ந்த ஓர் ஊமை ஊழியனே கெராசிமுக்கு மூலம் என்பதும் அறியத்தக்கன. ருஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இலேயே ஒழிக்கப்பட்டது.

எமது சிறுமி வாசித்ததோ, அமெரிக்கரான பிரெட் கிப்சன் 1956இல் எழுதிய 'ஓல்ட் யெல்லர்'. கதை நிகழ்வது 1860களின் டெக்சாசில். தந்தை மாடுகளை விற்கத் தூரதேசம் சென்றிருக்க, பதினான்கு வயது மகன் டிராவிஸ் தாயையும் தம்பியையும் காத்து நிற்கிறான். இறைச்சியைத் திருடித் தின்ன வந்த மஞ்சள் நிற நாயை முதலில் வெறுக்கிறான். அதுவோ தம்பியைக் கரடியிடமிருந்து மீட்கின்றது. பின்பு விசர்பிடித்த ஓநாயோடு பொருது தாயையும் காக்கின்றது. அக்கடியே அதற்கு யமனாகின்றது. குடும்பத்தைக் காத்த நாயைச் சிறுவன் தானே சுட நேருகின்றது.

வேறு வழி அன்று இருக்கவில்லை. லூயி பாஸ்டர் விசர்நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதல் ஊசி ஏற்றியது 1885இலே தான். இன்றைக்கும் அந்நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தல் அரிதிலும் அரிது. கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, தாமதியாது ஊசி ஏற்றிக்கொண்டால் உயிர் தப்பலாம். வளர்ப்பு நாய்க்குக் காலந்தவறாது தடுப்பூசி போடுவதும் அன்பின் ஒரு பகுதியே என்பதைக் குடும்பத் தலைவியருக்கு இச்சந்தர்ப்பத்தில் நினைவூட்டுகின்றோம்.

இக்கதை சாவோடு முடிந்துவிடவில்லை. அந்நாயின் குட்டியொன்று வீட்டில் வளர்கின்றது. ஏறெடுத்தும் பாராதிருந்த சிறுவன் ஈற்றில் அதனை ஏற்றுக்கொள்கிறான்.

இத்தகைய கதைகளை எழுதுவோரும் வெட்கத்தை வென்றே எழுதுகின்றனர் போலும். இரு வேட்டை நாய்களையும் ஓர் ஏழைச் சிறுவனையும் பற்றிய நாவலை 1961இல் வெளியிட்ட வில்சன் ரோல்ஸ் ஒரு தச்சர். எழுத்துப் பிழைகளுக்கு நாணித் தம் கைப்பிரதிகளையெல்லாம் முன்னரே எரித்துவிட்டார். மனைவியின் தூண்டுதலாலேயே அக்கதையை நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். அம்மாது ஊக்கியிராவிடின் அந்நாவல் சாம்பலோடு போயிருக்கும்.

இனி, தாயாரின் கேள்விக்கு வருவோம். பிள்ளைகள் துயரத்தை அறியாமலே வளர்ந்துவிட முடியுமா? பாட்டியின் மரணமோ, நண்பியின் பிரிவோ ஒருநாள் வந்தே தீரும். அன்று அந்நியமாய்த் தோன்றும் துயரம், புத்தகத்தில் முன்னரே சந்தித்த துயரமாயின் சற்றேனும் முகம் அறிந்ததாக இருக்கும். தனக்கு எவ்விதத்திலும் உறவில்லாத ஓர் உயிருக்காக அழத் தெரிந்த நெஞ்சு, அயலாரின் துன்பத்தையும் கண்டுகொள்ளும்.

ஆகவே, கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடுதல் தகாது. கடைசி அத்தியாயத்தின்போது தாயோ தந்தையோ அருகிலிருத்தல் வேண்டும். "வெறுங் கதைக்கு அழுகிறாயே" என்று நகையாடற்க. "எந்த இடத்தில் அழுகை வந்தது?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்குவாள். சோற்றுக் கோப்பையும் தானாகவே அருகில் வரும்.