மூன்று சாட்சியா, ஒரே சாட்சியா?

வருடக் கடைசி என்பதால் ஆணி அதிகம். ஒரு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு தகவல் ஒன்று சொல்ல, இன்னொன்று வேறு சொல்ல, இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கணினி எப்படி முடிவெடுக்க வேண்டும்? இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் பேசுகிற சமாசாரம், பி.காம் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் கணினி எடுக்கிற முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது என்னைப் போன்ற ஆட்கள்தானே?

2022 கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். ஒரு மூதாட்டி பேரனோடு வந்தார். கணவர் மத்திய அரசு ஊழியராக இருந்து காலமானவர். குடும்ப ஓய்வூதியம் எங்கள் கிளை வழியாகப் போகிறது. மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியத்தில், 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். 85 என்றால் 30, 90 என்றால் 40, 95 என்றால் 50, நூறைத் தொட்டால் அப்படியே இரட்டிப்பு. பாட்டிக்கு 80 ஆகிவிட்டது, கூடுதல் தொகை வேண்டும் என்பது பேரனின் மனு.

காகிதங்களைப் பார்த்தேன். ஆதாரில் 01-01-1947. பான் அட்டையில் 01-01-1947. வாக்காளர் அட்டையை வைத்துக் கணக்குப் போட்டாலும் 1947. கணவர் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த படிவத்தின் பழுப்பேறிய நகலில் மட்டும் ஆகஸ்ட் 1942. கணினித் திரையில் 'பொருந்தவில்லை' என்று சிவப்பில் ஒரு வரி. மூன்றுக்கு ஒன்று. நான் அதிகம் யோசிக்கவில்லை. "மாதாஜி, உங்களுக்கு 75தான் ஆகிறது. 2027ல் வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தம்மா கோபப்படவில்லை, சிரித்தார். "அந்த ஓட்டு அட்டைக்கு எழுத வந்த பையன் என்கிட்ட வயசே கேட்கலை பேட்டா. என் முகத்தைப் பார்த்து 48ன்னு எழுதிக்கிட்டுப் போனான். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது!"

சுரீர் என்றது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 1-1-1995 அன்று வயது 48. அதிலிருந்து வந்ததுதான் 1947. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்களுக்குத் தோராய வயதிலிருந்து ஆதாரில் வருடம் போட்டுவிடுவார்கள் (இந்த நாட்டில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்த பெரியவர்கள் இவ்வளவு பேர் இருப்பதன் ரகசியம் அதுதான்). இவருக்கு அந்தத் தோராய வயதைக் கொடுத்ததே வாக்காளர் அட்டை. பான் அட்டை ஆதாரைப் பார்த்து எழுதியது. ஆக என் மேஜையில் இருந்தது மூன்று சாட்சி இல்லை. முகத்தைப் பார்த்து எழுதிய ஒரு பையனும், அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்ன இரண்டு பேரும்.

எதிர்ப்பக்கம் இருந்த ஒற்றைக் காகிதம்? கணவர் கைப்பட எழுதி, அலுவலகம் சான்றொப்பமிட்டது. இதைவிட முக்கியம், அவர் எழுதிய காலத்தில் 80 வயதுச் சலுகையே கிடையாது. அது ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு வந்தது. மனைவிக்கு ஐந்து வயது கூட்டி எழுத அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

இப்போது படிப்பாளிகள் பக்கம். சான்றுகளை ஒன்றுசேர்க்க டெம்ப்ஸ்டர், ஷேஃபர் என்ற இரண்டு பேர் பெயரில் ஒரு கணித முறை இருக்கிறது. அதை 1979ல் லொட்ஃபி ஜாடே (ஃபஸி லாஜிக் தந்தவர்) ஒரு உதாரணத்தால் மடக்கினார். ஒரு நோயாளி, இரண்டு டாக்டர்கள். முதல் டாக்டர் மூளைக்காய்ச்சல் என்று 99 சதவீதம் நம்புகிறார், மூளைக் கட்டியாக இருக்க 1 சதவீதம் இடம் கொடுக்கிறார். இரண்டாமவர் தலையில் அடிபட்டதால் வந்த அதிர்ச்சி என்று 99 சதவீதம் நம்புகிறார், கட்டிக்கு அவரும் 1 சதவீதம். சூத்திரத்தில் போட்டுத் திருகினால் வரும் விடை: மூளைக் கட்டி, 100 சதவீத உறுதி! இருவருமே 'அநேகமாக இல்லை' என்று தள்ளிய ஒன்று.

எப்படி? அந்தச் சூத்திரம் இருவரும் முரண்படும் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒத்துப்போகும் பகுதியை முழுசாக்கிக்கொள்கிறது. இங்கே எறியப்பட்டது 99.99 சதவீதம். பத்தாயிரம் ரூபாயில் 9,999ஐ சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு, மிச்சம் ஒரு ரூபாய் டேலி ஆகிவிட்டது என்று ஒரு கேஷியர் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? அதைத்தான் அது செய்கிறது.

இதற்கு எங்கள் ஆட்களிடம் பழைய மருந்து ஒன்று உண்டு. பி.காம் முதல் வருடத்தில் உயிரை எடுத்த வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? ரொக்கப் புத்தகம் ஒரு இருப்புச் சொல்லும், பாஸ்புக் வேறு சொல்லும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்லி எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. எது பெரிய புத்தகமோ அதை நம்பு என்றும் சொல்லவில்லை. வித்தியாசத்தை வரி வரியாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள். கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை என்றால் இரண்டு புத்தகமும் சரி, காலம்தான் வேறு. வங்கி பிடித்த கட்டணம் நமக்குத் தெரியாது என்றால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் தப்பு அல்லது திருட்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. திரையில் வருகிற 'பொருந்தவில்லை' என்ற ஒற்றைச் சொல் மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

இதைவிட மோசமானது, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பி அனுப்பியே மக்களைப் பொருந்த வைத்துவிடுகிறோம். என் கதையையே சொல்கிறேன். பள்ளிச் சான்றிதழில் எனக்கு இனிஷியல். பான் அட்டையில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும். விரித்ததில் அப்பா பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. வடக்கே வந்தபின் ஆபீஸில் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் :-) மூன்று இடத்தில் விண்ணப்பம் திரும்பி வந்ததும் அலுத்துப்போய் மற்ற காகிதங்களையும் பான் மாதிரியே மாற்றிக்கொண்டேன். இன்று எந்த மென்பொருளில் போட்டாலும் நூற்றுக்கு நூறு பொருந்தும். ஊரில் ஒருத்தரும் என்னைக் கூப்பிடாத ஒரு பெயரில். பான், ஆதார் இணைப்புக்காகப் பிறந்த தேதியை மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர் சரியானதைத் தப்பானதற்குப் பொருத்தினார்களோ!

முரண்பாடு தெரிவது ஆபத்தில்லை, தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை விவகாரம் வெளியே வந்தது. ஸ்விஃப்ட் செய்தியில் போன உத்தரவாதக் கடிதங்கள் வங்கியின் மையக் கணினிக் கணக்கில் இல்லை. ஒரே வங்கிக்குள் இரண்டு பதிவுகள் வேறு வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த மாதம் வெளியான தொகை 11,000 கோடிக்கு மேல்.

எல்லாவற்றுக்கும் இப்படித் துருவிக்கொண்டிருந்தால் கவுண்டரில் வரிசை தெருவுக்குப் போய்விடும் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் சட்டம் சில இடங்களில் வரிசை போட்டுவிடுகிறது. 2015ன் சிறார் நீதிச் சட்டத்தில் வயதுக்கு முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. இப்படி வரிசை கட்டினால் உண்மை கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்ட தலைமையாசிரியரிடம் படித்த தலைமுறை நாம். ஆனாலும் அந்த வரிசை வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வக்கீல் வைத்து வாதாடலாம். இன்றைய மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் எதை எதற்கு மேல் வைத்தது என்று நம்மிடம் காட்டுவதே இல்லை. ஒரே செய்தியைப் பார்த்து எழுதிய பத்துப் பக்கங்களைப் படித்துவிட்டு 'பல தரவுகளின்படி' என்று தெளிவாகப் பேசுகிறது. அந்தப் பத்தும் முகத்தைப் பார்த்து எழுதிய பையனின் பேரப்பிள்ளைகள் இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? விடைக்குக் கீழே சரிகட்டும் பட்டியல் ஒன்றை இணைக்காத எந்தக் கணினிக்கும், ஒருத்தருடைய பணத்தை மறுக்கும் அதிகாரம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

மாதாஜி விஷயம் என்ன ஆச்சு? ஒரு தாளில் நான்கு காகிதங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எப்போது, எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று குறித்து, கணவரின் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. பணிப் பதிவேட்டிலும் 1942தான். ஆகஸ்ட் 2022லிருந்து நிலுவையோடு கொடுத்தாகிவிட்டது.

அன்றைக்குப் பேரன் கேட்டான், "ஆதாரையும் 1942ன்னு மாத்திடட்டுமா சார்? எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா சொன்னார்: "விடுடா. ஒரு இடத்திலாவது சின்னவளா இருந்துட்டுப் போறேன்."

டிஸ்கி: வாடிக்கையாளர் ரகசியம் கருதி, அந்தம்மா சம்பந்தப்பட்ட சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் சிரித்ததை மாற்றவில்லை.